பாலம் இல்லை என்று சொல்லப் போன நாள்

சட்டமன்ற உறுப்பினராக இருந்த ஐந்து வருடத்தில் எனக்குப் பேசப் பயமாக இருந்தது ஒரே நாள்தான். கல்வராயன் மலையில், ஓர் ஓடைக்கரையில், கையில் கடப்பாரையோடு நின்றேன்.

அந்த வருடம் அரசாங்கத்தில் பணமில்லை. வியாபாரம் படுத்து, வரி வரவு குறைந்து, புது வேலைகளை நிறுத்தி வைத்திருந்தார்கள். தொகுதிக்கு ஒரு வேலைதான், எது முக்கியமோ அதை முதலில் வைத்துப் பட்டியல் எழுதிக் கொடுங்கள் என்றார்கள். கீழே இருக்கும் ஊர்களின் குடிநீர்க் குழாயை முதலில் எழுதினேன். அங்கே ஜனம் அதிகம். மறைப்பானேன், ஓட்டும் அதிகம். மலை ஓடைப் பாலத்தை இரண்டாவதாக எழுதினேன். இரண்டாவது என்றால் இல்லை என்றே அர்த்தம்.

இதை நானே நேரில் போய்ச் சொல்லவேண்டும் என்று எனக்கு வீம்பு. "இன்னாத்துக்கும்மா? வேலில போற ஓணான எடுத்து மடியில வுட்டுக்கினாப்போல ஆயிடும்" என்றார் டிரைவர். ஓட்டுக் கேட்கப் போன கால் இதற்கும் போகட்டும் என்றேன். பெரிய நியாயஸ்தி என்ற நினைப்பு. பாலம் விஷயமாக வியாழக்கிழமை வருகிறேன் என்று மட்டும் ஊருக்குச் சொல்லி அனுப்பினேன். அங்கேதான் தப்பு.

எம்.எல்.ஏ. மலையேறி வந்தால் பூமி பூஜைக்குத்தான் வருவார். இல்லை என்று சொல்ல எவரும் அவ்வளவு தூரம் வந்ததே கிடையாது. நான் இறங்கியதும் மேளம் அடித்தார்கள். கரையில் குழி வெட்டி, சாணம் மெழுகி, ஐந்து செங்கல்லுக்கு மஞ்சளும் குங்குமமும் வைத்திருந்தார்கள். நான் பிறந்த நைனார்பாளையத்தில் எங்கள் வேதக்காரக் கிறிஸ்தவ வீட்டில் தேங்காய் சட்னிக்குத்தான் உடையும். என் ஒரு கையில் தேங்காயையும் மறு கையில் கடப்பாரையையும் கொடுத்துவிட்டு ஊரே கைகட்டி நின்றது.

பாலம் இல்லை என்பதை எப்படித்தான் சொன்னேனோ தெரியவில்லை. வரி வரவு, சம்பளச் செலவு, வட்டி என்று சட்டசபையில் பேசுகிற மாதிரியே பேசினேன். மேளம் நின்றுபோனது. ஊர்க்காரர் ஒருவர் பொறுமையாகக் கேட்டார்: "அதெல்லாம் சரிங்க. எத வெக்கிறது, எத வுடறதுன்னு எழுதனது ஆரு?"

மேலிடம் என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது.

"நான்தாங்க" என்றேன்.

திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். யாரும் திட்டவில்லை. ஆரத்தித் தட்டோடு முன்னால் நின்ற ஆறுமாதக் கர்ப்பிணிப் பெண் தட்டைக் கீழே வைத்தாள்.

"ஐப்பசியில எனக்கு நாளுங்க. தண்ணி வந்துட்டா டோலி கட்டிக்கினு கூட தாண்ட முடியாது. மழைக்கு முன்னாடி புள்ளத்தாச்சிங்க எல்லாரும் கீழ சொந்தக்காரங்க வூட்டுக்குப் பூடுவாங்க. எனக்குக் கீழ ஆரும் இல்ல. பாலத்த நம்பிக்கினு இருந்தேன்." கொஞ்சம் யோசித்தாள். "ஒங்க வூடு கீழதானங்க இருக்குது?"

"கள்ளக்குறிச்சியில" என்றேன், எதற்குக் கேட்கிறாள் என்று புரியாமலே.

"அப்ப நான் அங்க வந்துடறேன்."

கேலியில்லை, கோபமில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்கிற குரல். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "வாம்மா" என்று வாய்தான் சொன்னது. தேங்காயை உடைக்காமல் வைத்துவிட்டு மலையிறங்கினேன்.

புரட்டாசிக் கடைசியில் ஒரு காலை, என் வீட்டு வாசலில் மனு கொடுக்க வந்தவர்களின் வரிசையில் அவள் துணி மூட்டையோடு நின்றாள். "மனு எங்கம்மா?" என்று கேட்டார் என் உதவியாளர். "மனு இல்லீங்க, தங்க வந்துகிறேன்." மொத்த வரிசையும் என்னைத் திரும்பிப் பார்த்தது. சத்தியமாக நான் அவளை மறந்தே போயிருந்தேன். வெட்கத்தில் முகம் எரிந்தது.

அவளுக்கு ஓர் அறையை ஒழித்துக் கொடுத்தேன். ஐப்பசியில் மழை பிடித்தது. ஓடையை யாரும் தாண்ட முடியாத வாரத்தில், கள்ளக்குறிச்சி பெரியாஸ்பத்திரியில் அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது.

தண்ணீர் வடிந்ததும் ஊருக்குக் கிளம்பினாள். குழந்தையை என் மடியில் போட்டு எடுத்துக்கொண்டு, வாசல்படியில் நின்று கேட்டாள்: "வர்ற மழைக்கு எங்க ஊர்ல என்னாட்டம் கீழ ஆரும் இல்லாதவங்க மூணு பேரு இருக்காங்க. அவங்களையும் அனுப்பட்டுங்களா?"

வீட்டில் இருப்பது இரண்டு அறை.

"அனுப்பு" என்றேன். வேறென்ன சொல்ல? பட்டியல் எழுதியது நான்தானே.