அவளோட தட்டு

அம்பத்தூர்ல நாங்க ஒண்டுக்குடித்தனத்துல இருந்தப்போ, பக்கத்து வீட்டுக்காரி எனக்குக் கூடப்பிறக்காத தங்கச்சி. எனக்கு டைபாய்டு வந்து படுத்தப்போ, என் புள்ளைங்களுக்குத் தலைவாரி ஸ்கூலுக்கு அனுப்பினவ. வேதக்காரங்க. கிறிஸ்துமஸுக்கு அவ வீட்டுலேர்ந்து எவர்சில்வர் தட்டு நிறைய கல்கல்லும் அச்சுமுறுக்கும் வரும். தீபாவளிக்கு என் தட்டு அங்க போகும். தட்டை யாரும் வெறுசா திருப்பிக் குடுக்க மாட்டோம். ஒண்ணுமே இல்லேன்னாலும் ஒரு பிடி சர்க்கரை வெச்சுக் குடுப்போம்.

என் வீட்டுக்காரர் சொந்தமா லேத் பட்டறை போட்டார். அது நல்லா ஓடினதும் முகப்பேர்ல ஃபிளாட் வாங்கிக் குடிபோனோம். ஃபிரிட்ஜ், சோஃபா, கலர் டிவி. என் பவுசு கொஞ்சநஞ்சமில்லை. ஆனா நாள் முழுக்கப் பேச ஆளில்லை. எதிர் வீட்டுக் கதவு திறந்து பார்த்ததே ரெண்டு தரம்தான். அவர் பட்டறையே கதின்னு கிடந்தார். இதுக்குத்தானாடி ஆசைப்பட்டேன்னு என்னை நானே திட்டிக்குவேன்.

அந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு அவ ரெண்டு பஸ் மாறி, தட்டோட வந்து நின்னா. எனக்குத் தலைகால் புரியலை. சோஃபா ஓரத்துல ஒட்டி உக்காந்து, "இன்னாக்கா, இப்டி இளைச்சிட்டே?"ன்னா. நான் எழுந்து போய் ஃபிரிட்ஜைத் திறந்து காட்டினேன், பீரோவைத் திறந்து காட்டினேன். காட்டச் சொல்லிக் கேட்டாளா அவ?

கிளம்பறப்போ அவ தட்டுல சர்க்கரை வைக்க எனக்கு வெக்கமா இருந்துச்சு. ரெண்டே தடவை கட்டின பட்டுப்புடவையை மடிச்சு வெச்சேன். சத்தியமா, ஆசையாத்தான் வெச்சேன்.

புடவையைத் தொட்டுப் பார்த்தவ முகம் சுண்டிப்போச்சு. "கட்டின பொடவை வாங்கவாக்கா வந்தேன்? உன்னப் பாக்கத்தானே வந்தேன்"னா. தட்டோட அப்படியே சோஃபா மேல வெச்சுட்டு, செருப்பை மாட்டிக்கிட்டுப் படியிறங்கிட்டா. நான் பின்னாலயே ஓடியிருக்கணும். பாவி, பால்கனியில நின்னு அவ தெருமுனை திரும்புற வரைக்கும் பார்த்துக்கிட்டிருந்தேன்.

அதுக்கப்புறம் அவ வரலை. அடுத்த தீபாவளிக்கு, அவ பேர் வெட்டின அந்தத் தட்டைத் தேய்ச்சு எடுத்தேன். கடையில வாங்கின மைசூர்பாகை வெச்சேன், எடுத்தேன். என்னத்தை வெச்சாலும் பவுசு காட்டுற மாதிரியே இருந்துச்சு.

ஒரு பிடி சர்க்கரை போதும்னு தெரியாதவளா நான்? அதை எடுத்துக்கிட்டு அவ வாசல்ல போய் நிக்க எனக்கு மூஞ்சி இல்லை. தட்டு இன்னும் என்கிட்டதான் இருக்கு, வெறுசா.