படகின் மூக்கைத் தூக்குவது யார்?

இரண்டு வாரத்துக்கு முந்தின சனிக்கிழமை காலை. குளியலறைத் தராசைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்கு வந்தேன். சரளைக் கல்லில் ஒரு பலகை. பலகைக்கு மேல் தராசு. தராசுக்கு மேல் ஒரு மரக்கட்டை. மரக்கட்டைக்கு மேல்... எங்கள் படகு ட்ரெய்லரின் மூக்கு.

மேல்வீட்டு ஜெர்மன் பெண்மணி பால்கனியில் பூக்களுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் குனிந்து பார்த்தார். படகும் டயட்டில் இருக்கிறதா என்று கேட்டார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. எட்டு நாளில் அந்தப் படகு விலைப்பட இருந்தது. அதைத் தடுக்க என்னிடம் இருந்த ஒரே ஆயுதம் அந்தத் தராசுதான்.

முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன்.

என் கணவர் அன்ரனை இந்தப் பக்கத்தின் பழைய வாசகர்களுக்குத் தெரியும். புதியவர்களுக்காக – மன்னார்க்காரர், இங்கே ஜெர்மனியில் ஒரு பெரிய களஞ்சியத்தில் வேலை, பேச்சு மகா சிக்கனம். வீட்டில் பேசமாட்டார். கல்யாண வீட்டில் பேசமாட்டார். ஆனால் கால்வாயில் படகை இறக்கிவிட்டால் அந்த மனிதரின் வாயை மூடமுடியாது. நாலரை மீற்றர் அலுமினியப் படகு, பின்னால் சின்ன மோட்டர். கோடைச் சனிக்கிழமைகளில் ஊன்ட்றொப் கோயில் தாண்டிப் போய்த் திரும்புவோம். அந்த மூன்று மணித்தியாலத்தில் அவர் பேசுவது எனக்கு அடுத்த சனி வரைக்கும் போதும்.

போன குளிருக்கு அவருக்கு முதுகில் டிஸ்க் ஆபரேஷன். பத்துக் கிலோவுக்கு மேல் தூக்கக்கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். எங்கள் ட்ரெய்லரைக் காரில் கொழுவ வேண்டுமென்றால் அதன் மூக்கைக் கையால் தூக்கித்தான் வைக்க வேண்டும். மற்றவர்களின் ட்ரெய்லரில் முன்பக்கம் ஒரு குழாயும் அதன் அடியில் சின்னச் சில்லும் இருக்கும். மேலே உள்ள கைபிடியைச் சுற்றினால் மூக்கு தானாக உயரும். இங்கே அதற்கு ஸ்டுட்ஸ்ராட் என்று பெயர். எங்களுடையது துருப்பிடித்து இறுகி, கழற்றி எறிந்து பல வருடம். புதிதாக ஒன்று வாங்கச் சொன்னால், எனக்கு இரண்டு கை இருக்கிறது என்பார்.

வசந்தம் வந்தது. படகு தார்ப்பாய்க்குள்ளேயே கிடந்தது. அன்ரனும் சோபாவிலேயே கிடந்தார். பிசியோதெரபிக்குப் போவார், வருவார், ஜன்னலால் பார்ப்பார். என்ன கேட்டாலும் 'ஓம்', 'இல்லை'. அதற்கு மேல் ஒரு சொல் இல்லை.

ஒரு நாள் கார்ஹிங் நகரில் படிக்கும் எங்கள் மகள் ஒரு லிங்க் அனுப்பினாள். "அம்மா, இது எங்கட படகெல்லோ?"

எங்கட படகேதான். விற்பனை விளம்பரம். நாலு படம். கீழே ஜெர்மனில் ஒரு வரி – உடல்நலக் காரணத்தால் விற்கப்படுகிறது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இருபத்தேழு வருடம் ஒரே கூரையின் கீழ் இருக்கிறேன்... என் வீட்டுச் செய்தியை நான் இன்டர்நெட்டில் பார்த்தா அறிய வேண்டும்?

போய்க் கேட்டேன். அவர் டிவியை விட்டுக் கண்ணெடுக்கவில்லை.

"தூக்க ஏலாத சாமானை வைச்சு என்ன செய்யிறது?"

"தூக்கத் தேவையில்லாட்டி?"

"பின்னை ஆர், நீர் தூக்குவீரோ?"

"ஒருத்தரும் தூக்கத் தேவையில்லை எண்டுறன். நான் ஒரு சில்லுப் பூட்டித் தாறன். நீங்கள் தனிய அதைக் காரில கொழுவிப் போட்டீங்கள் எண்டால், விக்கிற கதை இல்லை. சரியோ?"

வாங்கப் போகிறவர் அடுத்த ஞாயிறு மூன்று மணிக்கு வருவதாக இருந்தது. அதற்கு முன்னம் செய்து காட்டும் என்றார். அவ்வளவுதான். ஆனால் ஒன்று கவனித்தேன் – டிவியின் சத்தத்தைக் குறைத்திருந்தார்.

நம் ஆட்களிடம் ஒரு யோசனை கேட்டுப் பாருங்கள். கோயில் பாடகர் குழுவின் வாட்ஸ்அப்பில் ஒரு வரிதான் போட்டேன். ஒருவர் மோட்டர் வைத்ததை வாங்கச் சொன்னார். இன்னொருவர் பிரான்சில் மச்சான் இருக்கிறார், அங்கே நல்லது கிடைக்கும் என்றார். மிச்சப் பேர் எல்லாரும் ஒரே பதில் – ஏன் அக்கா வீண் வேலை, ஒரு கோல் எடுங்கோ, நாங்கள் நாலு பேர் வந்து தூக்கி வைக்கிறம்.

நல்ல மனம்தான். நான் மறுக்கவில்லை. ஆனால் அன்ரன் கூப்பிடுவாரா? கூப்பிட்டால் நாலு பேர் வருவார்கள். வந்து தூக்கிவிட்டுப் போய், 'பாவம், அன்ரன் அண்ணைக்கு இனி ஏலாதாம்' என்று நாற்பது பேருக்குச் சொல்வார்கள். அந்த 'பாவம்' பத்துக் கிலோவை விடப் பாரம். அது எனக்குத் தெரியும்.

ஆகவே தராசு. காரின் ஜாக்கை வைத்து மூக்கை உயர்த்தி, கட்டையில் இருத்தினேன். நாற்பத்தைந்து கிலோ. எழுதிக்கொண்டு கடைக்குப் போனேன்.

கடையில் ஒரு பெண். முப்பது வயதிருக்கும், நகத்துக்குள் எண்ணெய்க் கறுப்பு. அதைக் கண்டதுமே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. அவர் ஒவ்வொன்றாகக் கேட்டார். குழாயின் பருமன் நாற்பத்தெட்டு மில்லிமீற்றரா, அறுபதா? குழாயும் அதைப் பிடிக்கிற பிடியும் ஒரே அளவாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் திங்கட்கிழமை திரும்பி வருவீர்கள் என்றார். நிறுத்துகிற இடம் சீமெந்தா, சரளையா? சரளை என்றால் ஒடுங்கின கெட்டி ரப்பர் சில்லு புதையும், காற்றடித்த அகலச் சில்லு எடுங்கள். பெட்டியில் இரண்டு எடை எழுதியிருக்கும் – சும்மா நிற்கும்போது தாங்குவது ஒன்று, உருளும்போது தாங்குவது ஒன்று. பெரிய எண்ணைப் பார்த்து மயங்காதீர்கள், சின்ன எண்தான் உங்களுக்கு முக்கியம்.

எவ்வளவு தெளிவு. நான் சேலை எடுக்கிற கடையில் இப்படி ஒருவர் இருந்திருந்தால் என் அலுமாரி வேறு மாதிரி இருந்திருக்கும்.

கடைசியாக, மூக்கின் எடை என்ன என்றார். நாற்பத்தைந்து என்றேன். படகுக்குள் சாமான்களோடு நிறுத்தீர்களா என்றார்.

"பெரிதாக ஒன்றும் இல்லை. கொஞ்சம் சாப்பாடு கொண்டுபோவோம்" என்றேன்.

அவர் தலையாட்டினார். அவர் மனக்கண்ணில் வந்தது என்ன என்று எனக்கு இப்போது தெரியும் – இரண்டு பாண் துண்டு, ஒரு ஆப்பிள். உருளும்போது எழுபத்தைந்து கிலோ தாங்குகிற ஒன்றை எடுத்துத் தந்தார்.

புதன்கிழமை பின்னேரம் பூட்டத் தொடங்கினேன். யூடியூப்பில் ஒருவர் ஆறு நிமிடத்தில் பூட்டுகிறார். எனக்கு ஒரு மணித்தியாலம் போனது. பிடியை ட்ரெய்லர் தண்டின் பக்கத்தில் வைத்து, பின்னால் தகடு கொடுத்து, நட்டை இறுக்கிக்கொண்டிருந்தேன். தலைக்கு மேலே ஜன்னல் திறந்தது.

"அவ்வளவு முன்னுக்குப் போடாதையும். கார் திரும்பேக்க கைபிடி போய் இடிக்கும்."

நான் நிமிர்ந்து பார்க்கவில்லை. அரை அடி பின்னுக்கு நகர்த்தினேன். இரண்டு நிமிடத்தில் வீட்டுச் செருப்போடு ஆள் பக்கத்தில் நிற்கிறார். ஓடும்போது குழாயை முழுக்க மேலே இழுத்துத்தான் இறுக்க வேண்டும், இல்லாவிட்டால் றோட்டில் தேய்த்துக்கொண்டு போகும் என்றார். ட்ரெய்லரின் பெரிய சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்தீரோ என்று கேட்டார். இந்த ட்ரெய்லருக்குக் கைப்பிரேக் இல்லை, மூக்கு உயர்ந்தால் தன்பாட்டில் நடக்கும் என்றார். ஐந்து மாதத்தில் அவர் பேசிய மிக நீளமான பேச்சு. ஸ்பானரை அவர் கையில் கொடுத்துவிட்டுத் தேத்தண்ணி போட உள்ளே போனேன்... வேணுமென்றே மெதுவாகப் போட்டேன்.

சனிக்கிழமை. பரீட்சை நாள். மகளும் வந்திருந்தாள். எந்தச் சனியும் போலச் சாமான்களைப் படகுக்குள் ஏற்றினோம், நானும் மகளுமாக. சோற்றுச் சட்டி, ஆட்டுக்கறி, கூலிங் பெட்டி, இரண்டு பெரிய தண்ணீர்க் கான், மடக்குக் கதிரைகள். எல்லாம் முன்பக்கம். எங்கள் படகில் சாப்பாடு எப்போதும் முன்பக்கம்தான்.

அன்ரன் காரைப் பின்னுக்கு எடுத்து நிறுத்தினார். இறங்கி வந்து கைபிடியைச் சுற்றினார். மூக்கு கொஞ்சம் எழும்பியது. இனி அரை மீற்றர் உருட்டினால் காரின் கொழுவிக்கு நேராக வந்துவிடும். தள்ளினார். அசையவில்லை. சில்லு சரளைக்குள் பாதி புதைந்து நின்றது. இன்னும் ஒருமுறை தோளைக் கொடுத்துத் தள்ளினார். அப்படியே கையை முதுகில் வைத்துக்கொண்டு நின்றுவிட்டார்.

மகள் ஓடிவந்தாள். தான் தள்ளுவதாகச் சொன்னாள். வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு, அவர் மெல்ல வீட்டுப் படியில் போய் இருந்தார். என்னை ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவரோ போனை எடுத்து, நாளைக்கு வரப்போகிறவரின் நம்பரைத் தேடினார். இன்றைக்கே வரச் சொல்லப் போகிறார் என்று விளங்கியது.

எனக்கு அழுகை வந்தது. ஆத்திரமும் வந்தது. காற்றடித்த சில்லு. சரியான பிடி. எழுபத்தைந்து கிலோ. எங்கே பிழைத்தது?

உள்ளே ஓடித் தராசைக் கொண்டுவந்தேன். பலகை, கட்டை, ஜாக் – அன்றைக்குச் செய்த அதே வேலை. ஒரே ஒரு வித்தியாசம், இன்றைக்குப் படகுக்குள் எங்கள் சாப்பாடு இருந்தது.

நூற்றுப் பன்னிரண்டு.

மகள் தராசைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு அப்பாவிடம் மெதுவாகக் கேட்டாள். "அப்பா, இவ்வளவு நாளும் இதையோ கையால தூக்கினீங்கள்?"

அவர் தோளைக் குலுக்கினார்.

ஏன் சாப்பாடு முன்பக்கம் தெரியுமா? நான் சொன்னதால். முதல் வருடமே சொல்லிவிட்டேன் – பின்னால் மோட்டர், பெற்றோல் மணம், சாப்பாடு அந்தப் பக்கம் போகக்கூடாது. அவர் சரி என்றார். அன்றிலிருந்து ஒவ்வொரு சனியும் ஒரு முழு ஆளின் பாரத்தைக் கையால் தூக்கிக் காரில் வைத்திருக்கிறார். வைத்துவிட்டுக் கை தட்டிக்கொண்டு, ஏறுங்கோ என்பார். பாரமாக இருக்கிறது என்று ஒரு தடவை, ஒரே ஒரு தடவை சொல்லியிருக்கலாம். அவரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

நான் அவருக்குப் பக்கத்தில் படியில் இருந்தேன். ஏன் சொல்லேல்லை என்று கேட்டேன்.

"நீர் விடிய அஞ்சு மணிக்கு எழும்பிச் சமைக்கிறனீர். அதைப்போய்ப் பாரம் எண்டு சொல்லுறதோ?"

கண்ணைத் துடைத்துக்கொண்டு எழும்பினேன். இஞ்சருங்கோ, அந்தப் போனை ஒரு பத்து நிமிசம் வையுங்கோ என்றேன்.

நானும் மகளும் எல்லாவற்றையும் இறக்கினோம். சட்டியும் தண்ணீர்க் கானும் நடுவில், சில்லுகளுக்கு நேர் மேலே. கதிரைகள் அதற்குப் பின்னால். நான் உற்சாகத்தில் கூலிங் பெட்டியையும் கடைசிக்குத் தள்ளப் போனேன். படியிலிருந்தே குரல் வந்தது. முழுக்கப் பின்னுக்குப் போட்டால் மூக்கு லேசாகிவிடுமாம், றோட்டில் ட்ரெய்லர் வாலாட்டுமாம். பிறகு அவரே எழும்பி வந்தார். இதை இங்கே, அதை அங்கே என்று விரலால் காட்டினார். நாங்கள் வைத்தோம். தராசு அறுபதில் நின்றது.

அது காணும், போதும் என்றார்.

கைபிடியைப் பிடித்தார். இந்த முறை ஒரு கையால். சுற்றச் சுற்ற மூக்கு சத்தமில்லாமல் மேலே வந்தது. தள்ளினார் – சில்லு சரளையில் முனகிக்கொண்டு உருண்டது. திருப்பிச் சுற்றி இறக்கினார். 'கிளிக்'. கொழுவிக்கொண்டது. அவர் முதுகு கொஞ்சமும் வளையவில்லை. மகள் கை தட்டினாள். மேல்வீட்டுப் பெண்மணியும் பால்கனியிலிருந்து கை தட்டினார்.

அன்ரன் போனை எடுத்தார். வாங்க இருந்தவரிடம் ஜெர்மனில் மன்னிப்புக் கேட்டார். வேறு யாருக்காவது விற்றுவிட்டீர்களா என்று அந்தப் பக்கம் கேட்டிருக்க வேண்டும்.

இல்லை என்றார் அன்ரன். எனக்கே தேவைப்படுகிறது என்றார்.

தேவை என்ற சொல்லை அவர் வாயால் நான் கேட்டு எவ்வளவு காலம்!

பன்னிரண்டு மணிக்குக் கால்வாய்க் கரையில் நின்றோம். படகு இறக்குகிற சரிவில் எங்களுக்கு முன்னால் ஒரு ஜெர்மன்காரர். அவருக்கும் அறுபது வயதிருக்கும். முகம் சிவந்து, மூச்சு வாங்க, தன் ட்ரெய்லரின் மூக்கைக் கையால் தூக்கிக்கொண்டிருந்தார். அன்ரன் காரை நிறுத்திவிட்டு இறங்கிப் போனார். அவரை எங்கள் ட்ரெய்லரிடம் கூட்டிவந்தார். குழாய், பிடி, சில்லு, இரண்டு எடை, எதை எங்கே ஏற்றுவது – கையை ஆட்டி ஆட்டி விளக்கினார். நானும் மகளும் கரையில் காத்து நின்றோம். கறி ஆறிக்கொண்டிருந்தது. இருபது நிமிடம் போயிருக்கும்.

எடை பார்த்தது யார், வாங்கியது யார், பூட்டியது யார் என்று அந்த மனிதரிடம் மூச்சும் விடவில்லை. எல்லாம் தன்னுடைய கண்டுபிடிப்புப் போலத்தான் கதை.

சொல்லட்டும். நிமிர்ந்து நின்று சொன்னார்... எனக்கு அது காணும்.