எந்தப் பக்கச் சங்கிலி

என் கணவர் துறைமுகத்தில் பிட்டர். கப்பலிலிருந்து இறக்கும்போது நசுங்கிப்போன ஒரு சின்ன வெளிநாட்டுக் காரின் எஞ்சினை வாங்கிவந்து, ராயபுரத்தில் எங்கள் வீட்டை ஒட்டிய தகரக் கொட்டகையில் தானே ஒரு கார் கட்டிக்கொண்டிருந்தார். மரக்கட்டைகளின்மேல் இரும்புச் சட்டம் தயாராக நின்றது. மிச்சம் எஞ்சின்தான். அந்தக் காரில் எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒரே உருப்படியாகப் பின்பக்கம் உட்காரும். இரண்டு ஆள் கனம்.

உதவிக்கு வருவதாக இருந்த அவருடைய தோஸ்துக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை கப்பல் வேலை வந்துவிட்டது.

"நீ வாமே. சங்கிலிய இஸ்தா போதும்," என்றார்.

உத்தரத்தில் பாரம் தூக்கும் செயின் பிளாக் தொங்கியது. அதன் கொக்கியில் எஞ்சினைக் கயிற்றால் கட்டியிருந்தார். கையால் இழுக்கும் சங்கிலி இரண்டு சரமாக இறங்கியது. "வலது பக்கம் இஸ்தா மேல போவும். இடது பக்கம் இஸ்தா கீழ வரும். அவ்ளோதான்."

அவர் சட்டத்துக்கு அடியில் படுத்தார். நான் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கினேன். ஒரு போல்ட் ஏறியது. அடுத்த துளை தெரியவில்லை என்று என்னை எதிர்ப்பக்கம் வந்து டார்ச் அடிக்கச் சொன்னார். போய்க் குனிந்தேன். அப்போது எண்ணெய்ப் பிசுக்கில் கயிறு ஒரு சாண் வழுக்கியது. கியர்பாக்ஸ் சாய்ந்து அவருடைய இடது கையைச் சட்டத்தோடு நசுக்கியது.

"ஏத்து! ஏத்துமே!"

டார்ச்சைப் போட்டுவிட்டு நின்ற இடத்திலிருந்தே சங்கிலியைப் பிடித்தேன். ஆனால் நான் நின்றது எதிர்ப்பக்கம். வலது எது, இடது எது? இரண்டு சரமும் ஒன்றுபோலவே இருந்தன. ஒன்றை இழுத்தேன்.

அவர் போட்ட சத்தம் மனுஷக் குரலாகவே இல்லை.

அதை விட்டு மற்றதை இழுத்தேன். எஞ்சின் எழும்பியது. கையை உருவிக்கொண்டார். ஆஸ்பத்திரியில் ஒரு விரலின் நுனியை எடுத்துவிட்டார்கள்.

"ரெண்டாந்தபா கயிறு வழுக்கிச்சு. இவ இல்லாங்காட்டி கையே போயிருக்கும்," என்று பார்க்க வந்தவர்களிடமெல்லாம் சொன்னார். அவர்கள் என்னைப் புகழ்ந்தார்கள். இரண்டாவது முறை கயிறு வழுக்கவில்லை.

புண் ஆறியதும் மறுபடி எஞ்சினைத் தூக்கினார்கள். தோஸ்து வந்திருந்தும், "அவ கைதான் ராசி. அவளே இஸ்கட்டும்," என்றார். மாட்டேன் என்றால் காரணம் சொல்ல வேண்டுமே. ஒவ்வொரு கண்ணியாக இழுத்தேன். ஒவ்வொரு முறையும் கொக்கி மேலே போகிறதா கீழே போகிறதா என்று பார்த்த பிறகே அடுத்ததைத் தொட்டேன்.

"இன்னாமே, எறும்பு கணக்கா ஊர்றே?" என்றார் அடியிலிருந்து.

நான்கு போல்ட்டும் இறுகின. "முடிஞ்சிச்சும்மா, வுடு," என்றார் தோஸ்து. என் விரல்கள் பிரியவில்லை. என் கணவர்தான் அடியிலிருந்து எழுந்து வந்து ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டார்.

கார் ஓடியது. எண்ணூர் வரை கடலோரமாக என்னை அழைத்துப்போனார். ஸ்டியரிங்கில் அந்தக் குட்டை விரல் தெரிந்தது. சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன்.

"இன்னா, பயமா கீதா? மெதுவா போவட்டா?" என்றார்.

ஆமாம் என்றேன். வேகத்தைக் குறைத்தார்.