மூன்று ராஜாக்களுக்குத் தங்கப் பெயிண்ட்

பத்தாவதோடு நின்றவன் பயணக் குறிப்பு எழுதுவது அதிகப்பிரசங்கித்தனம்தான்; பொறுத்துக்கொள்ளுங்கள்.

போடியில் மழைக்கு ஒரு பெயிண்ட் கடையில் ஒதுங்கி நிற்கிறேன். குரங்கணியிலிருந்து வந்த ஒரு பெண் துண்டை அவிழ்த்து, விரலளவு மண் ராஜாக்கள் இருவரை மேசையில் வைக்கிறார். கிறிஸ்துமஸ் குடில் பொம்மைகள்; மூன்றாவது ராஜா ஊரிலேயே இருக்கிறாராம். துடைக்கும்போது ஒருவர் விழுந்து கிரீடம் உடைந்துவிட்டதாம். ஒட்டிய இடம் வெள்ளையாகத் தெரிகிறது. மற்றவர் நிறம் பார்க்க வந்தவர்.

"இந்த வருசந்தான் மாமியார் கோயில் குடிலை என்கிட்ட விட்டாங்க. இதே தங்கக் கலரு வெரசா குடுங்க பாய். ராத்திரி தொறக்கணும்."

கடைக்காரர் மூன்று டப்பாக்களைத் திறந்து, குச்சியால் கிரீடத்தின் பின்பக்கம் ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு பொட்டு வைக்கிறார். ஒன்று செம்பு மாதிரி இருக்கிறது. ஒன்றில் பச்சை ஓடுகிறது. ஒன்று மிகவும் மின்னுகிறது. பழைய கிரீடமோ மெழுகுவர்த்திப் புகையில் மங்கிக் கிடக்கிறது. அந்தப் பெண்ணின் கண் கலங்குகிறது.

"மூணு பேருக்குமே புதுசா அடிச்சிட்டா?" என்கிறேன், தயங்கித் தயங்கி.

"சாரு எனக்கு யாவாரம் புடிச்சுக் குடுக்குறாரு, ஆத்தா" என்கிறார் பாய். அந்தப் பெண் சிரித்துவிட்டு மின்னும் டப்பாவை எடுத்துக்கொள்கிறார்.

மறுநாள் குரங்கணி ஆலயத்தில் மூன்று கிரீடங்களும் ஒரே மாதிரி மின்னின. பனியில் பெயிண்ட் காயவில்லை. தொட வந்த பிள்ளைகளை அந்தப் பெண்ணின் மாமியார் விரட்டிக்கொண்டிருந்தார்.