முசரவாக்கத்து ஏகாம்பரம்

வீட்டுக்கடனை முடித்தாயிற்று. மூலப் பத்திரத்தை வாங்க இன்று காலை வங்கிக்குப் போனேன். கவுண்டரில் இருந்த பெண் ஓர் உறையை நீட்டினார். பிரித்துப் பார்த்தால் முசரவாக்கத்தில் ஒரு நிலம்.

என் வீடு இருப்பது சின்ன காஞ்சிபுரத்தில்.

"பேர் ஏகாம்பரம்தானே சார்?"

பெயர் சரிதான். இந்த ஊரில் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் பாதித் தெரு திரும்பிப் பார்க்கும். என் பத்திரத்தைப் போன வாரமே இன்னொரு ஏகாம்பரத்திடம் கொடுத்துவிட்டார்களாம்.

மேனேஜர் நிதானமாகச் சொன்னார்: "காணாமப் போச்சுன்னு போலீஸ்ல ஒரு புகார் குடுத்துடுங்க."

"தொலைச்சது நீங்க, புகார் நான் குடுக்கணுமா? அவர் நம்பரைக் குடுங்க, நானே பேசுறேன்."

"கஸ்டமர் விவரத்தை வெளிய சொல்லக் கூடாது சார்."

என் வீட்டையே தூக்கிக் கொடுத்தவர் சொல்கிறார்!

கையிலிருந்த பத்திரத்தைக் கவுண்டரிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டு, அதில் பார்த்த முசரவாக்கத்துக்கு வண்டியை நேராக விட்டேன். அடகு, போலிக் கையெழுத்து என்று வழி முழுக்கக் கெட்ட யோசனைதான். விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தேன். அந்த ஏகாம்பரத்தின் மனைவி வெளியே வந்தார்.

"பேங்க்ல குடுத்த கவரா? சாமி ரூம்ல இருக்குதுண்ணா. ஆடி மாசம் பிரிக்க வேணாம்னு மஞ்சள் குங்குமம் வெச்சி அப்படியே வெச்சிக்கினு இருக்கோம்."

உறை ஒட்டியது ஒட்டியபடி இருந்தது. பிரித்தேன். என் வீட்டுப் பத்திரமேதான். அப்போதுதான் மூச்சு வந்தது.

"அப்போ எங்க நிலத்துப் பத்திரம்?" என்றார் அந்த அம்மா.

"பேங்க்லதான்மா இருக்குது."

அவர் முகம் வெளுத்துப் போனது.

ஊரில் இருக்கும் மற்ற ஏகாம்பரங்களே, ஆடி என்று பார்க்காமல் இன்றே உறையைப் பிரித்துவிடுங்கள். உள்ளே யார் வீடு இருக்கிறது என்று கீழே சொல்லுங்கள்.