ஓரத்தில் மடிந்த சிரிப்பு

பெரம்பலூரில் எங்கள் தெருவுக்கு வரும் கூரியர்காரர் எந்தப் பார்சலையும் சட்டைக் கையால் ஒருமுறை துடைத்துவிட்டுத்தான் நீட்டுவார். குன்னத்துப் பருத்திக்காட்டை விலையுயர்ந்த கேமராவில் நான் எடுத்த படம், கேன்வாஸ் துணியில் அச்சாகி, மரச்சட்டத்தைச் சுற்றி ஓரம் மடித்து வந்தது. நான் அதை வாசலை ஒட்டிய பக்கச் சுவரில் மாட்டும்வரை நின்றார்.

"நானும் ஒண்ணு ஆர்டர் போட்டேங்க சார், போன்ல எடுத்தது. ஓரத்துல நின்ன எம் பொண்டாட்டி சட்டத்துப் பக்கவாட்டுல மடிஞ்சு போயிட்டா."

"திருப்பி அனுப்பலியா?"

"எதுக்குங்க? வூட்டுக்குள்ள நுழையிறப்ப மொதல்ல அவ சிரிக்கிறதுதான தெரியுது."

அவர் போனதும் வாசலில் நின்று என் படத்தைப் பக்கவாட்டில் பார்த்தேன். வெறும் வானம்தான் மடிந்திருந்தது.

இப்போதும் பார்சலைத் துடைத்து நீட்டுகிறார். எனக்கு வயிறு எரிகிறது.