தலைப்பாகையில் ஓர் ஆவாரங்கொத்து

ஆவாரங்கொத்தை ஒடித்து, இலைகளின் அடிப்பக்கத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்துவிட்டு, தலைப்பாகையின் இரண்டாம் சுற்றில் செருகிக்கொள்கிறார் பஞ்சாட்சரம். அந்த இலைக்கடியில் பேன் இருக்கிறது. கடுகைப் பத்தாகப் பிளந்தால் ஒரு துண்டளவு. ஆம்பூரைச் சுற்றி எந்தச் செடியில் எந்தப் பேன் என்று பட்டியல் எடுப்பது விவசாய இலாகாவில் அவருக்கு உத்தியோகம். தற்காலிகம், மூன்று வருஷமாகத் தற்காலிகம்.

“குழாய்ல அடைச்சா மூச்சு முட்டிச் செத்துப்பூடுது. தலச் சூட்டுல ரெண்டு நாள் சொகமா கீதுங்க” என்பார். ரங்கூனிலிருந்து விடுப்பில் வந்திருக்கும் நான், அவரோடு கால் மணி பேசினால் வீடு திரும்பியதும் சீப்பைத் தேடுகிறேன். செடிப்பேன் மனிதரை அண்டாது என்று மூன்று முறை சொல்லியிருக்கிறார். மூன்று முறையும் தம் தலையைச் சொறிந்துகொண்டே சொன்னார்.

விஷயம் எப்படியோ மேலதிகாரி துரைக்கு எட்டிவிட்டது. மாதிரிகளைத் தலையில் சுமக்கலாகாது, மீறினால் வேலை போகும் என்று எழுத்தில் உத்தரவு வந்தது. இனி இல்லை என்று இவரும் எழுத்திலேயே பதில் கொடுத்தார். அதைத் தபாலில் சேர்க்கப் போனபோது தலையில் ஒரு கத்தரி இலை இருந்தது.

பட்டியலில் காட்டுச்செடி, பயிர்ச்செடி என்று இரண்டு பத்திகள். சர்க்கார் ஆள் செடியை எழுதிக்கொண்டால் தீர்வை ஏறும் என்று குடியானவர்களுக்குப் பயம். பாத்தி கட்டிய கத்தரித் தோட்டத்தில் நின்றுகொண்டு, “இது தானா மொளச்சதுங்க” என்கிறார்கள். பஞ்சாட்சரம் சொன்னதைச் சொன்னபடி எழுதுகிறவர். ஆகவே சர்க்கார் காகிதத்தில், ஆம்பூர்க் காடுகளில் கத்தரி வரிசை பிடித்து விளைகிறது.

அவர் உயிரை வைத்திருப்பது ஒரே ஒரு பேனின் மேல்தான். மலையடி ஆவாரையில், முதுகில் மஞ்சள் கோடு போட்ட பேன், புத்தகத்தில் இல்லாதது. துரை நம்பவில்லை. உயிரோடு காட்டினால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் பங்குனியோடு சரி. வெள்ளிக்கிழமை தாமே பார்க்க வருவதாக எழுதிவிட்டார்.

ஆனால் தோல் பதனிடும் ஷெட்டுகளுக்கு ஆவாரம்பட்டை வேண்டுமே. பட்டைக் குத்தகைக்காரர் வாஹித் பாஷாவின் ஆட்கள் மலையடியை மொட்டையடித்துக்கொண்டே வந்தார்கள்.

“ஒரே ஒரு செடிய வெள்ளிக்கெழம வரைக்கும் உட்ருங்க பாய்.”

“இன்னா சார், ஊரே பேனக் கொல்லுது, நீங்க வளக்கிறீங்க. சரி, தொரை வர்றாரில்ல, நான் பாத்துக்கறேன். பேஜாராவாதீங்க.”

வியாழன் மாலை போய்ப் பார்த்தபோது செடியும் இருந்தது, பேனும் இருந்தது. பழக்க தோஷத்தில் பஞ்சாட்சரம் ஒரு கொத்தை ஒடித்துக்கொண்டு வந்தார்.

மறுநாள் துரைக்குப் பின்னால் நானும் போனேன். மொட்டை மலையடியில் ஒற்றைச் செடி. சுற்றிலும் கயிறு கட்டி, தரை பெருக்கித் தண்ணீர் தெளித்திருந்தது. இலைகள் பளபளத்தன.

“தொரை பாக்கற செடியாச்சே” என்றார் வாஹித் பாஷா, கைகட்டிக்கொண்டு. “காலைல ஆள உட்டு எல எலயா சோப்புத் தண்ணி போட்டுத் தொடச்சேன்.”

துரை ஒவ்வோர் இலையாகத் திருப்பினார். ஒன்றுமில்லை. கண்ணாடியை மடக்கிச் சட்டைப் பையில் போட்டார்.

பஞ்சாட்சரம் துரையின் முகத்தை ஒரு தரம் பார்த்தார். பிறகு இரண்டு கைகளையும் உயர்த்தி, தலைப்பாகையின் முனையை உருவி, ஒவ்வொரு சுற்றாக அவிழ்க்கத் தொடங்கினார்.